கோடையில் எழுதாத பக்கங்கள்

சாவியைத் தரும்போதே ஒரேஸ்ட் சொன்னார்:
"கொஞ்சம் குடிக்கும். அவ்வப்போது பார்த்து ஊற்று."
யாரோ மச்சானைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.
இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்து சியன்னா,
இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர்,
கதவோரமெல்லாம் வினிபெக்கின் உப்பு தின்ற துரு.
குடிப்பதைச் சொல்லி முந்நூறு குறைத்தேன்.

குடித்தது எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை.
கூலன்ட் தொட்டியில் நகப்பூச்சால் கோடு போட்டேன்.
நான்கு நாளில் கோட்டுக்கு ஓர் அரிசி கீழே.
இன்னும் நான்கு நாள், இன்னோர் அரிசி.

ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
இரவு வேனுக்கடியில் தள்ளிவைத்து
காலையில் சமையலறை வெளிச்சத்தில் படித்தேன்.
"இன்றைக்கு ராசிபலன் என்ன?" என்றான் செவ்வேள்,
வாய் நிறைய ரொட்டியோடு.
நீலம்: கண்ணாடி கழுவும் நீர், நேற்று நானே சிந்தியது.
பழுப்பு: சக்கரத்தில் ஒட்டிவந்த பனியின் அழுக்கு.
கறுப்பு இல்லை. சிவப்பு இல்லை.
ஓரத்தில் மட்டும்
நாணயமளவு ரோஸ்.
விரலில் தேய்த்தால் வழுவழுப்பு.
முகர்ந்தால் பாகு காய்ச்சிய பாத்திரம்.
விஷம். இரண்டு முறை கை கழுவினேன்.

ரொமெல் கராஜுக்குள் ஏற்றி
காற்றழுத்தம் கொடுத்து மானியைப் பார்த்தார்.
முள் பதினைந்தில் நின்றது.
நாங்கள் காபி குடித்தோம். நின்றது.
அவர் மகளின் பள்ளியைப் பற்றிப் பேசினோம். நின்றது.
"ஒழுகல் இல்லை," என்றார்,
தொண்ணூறு டாலர் வாங்கும் சங்கடத்தோடு.
மறுநாள் அட்டையில் இன்னொரு ரோஸ்.

வண்டிக் காப்புறுதித் தாளைத் தேடி
முன்பெட்டியைத் துழாவியபோது
கிடைத்தது ஒரேஸ்டின் குறிப்பேடு.
பென்சில், நுணுக்கி எழுதிய கை.
நவம்பர் 9, அரைக் கோப்பை.
டிசம்பர் 2, அரை. டிசம்பர் 20, முக்கால்.
ஜனவரி முழுக்க வரிசையாக.
மார்ச் 28, கால்.
அதற்கு அடுத்த வரியே நவம்பர்.
மறு வருஷமும் அப்படி. அதற்கு மறு வருஷமும்.
ஏழு குளிர்காலம் எழுதியவர்
ஒரு கோடையைக்கூட எழுதவில்லை.
மார்ச்சுக்கும் நவம்பருக்கும் நடுவே
எழுதாத இடத்தைத்தான்
திரும்பத் திரும்பப் படித்தேன்.

ரொமெலை அழைத்தேன்:
"உங்கள் கராஜில் ஹீட்டர் உண்டல்லவா?"
மறுமுனையில் கொஞ்ச நேரம்
கம்ப்ரஸர் இரைச்சல் மட்டும்.
"இரவு வெளியே நிற்கட்டும். கிளப்பாதே. ஆறு மணிக்கு வருகிறேன்."

மைனஸ் முப்பத்தொன்று.
மூக்குமயிர் உறைந்து குத்தும் காலை.
டார்ச்சை நான் பிடித்தேன்; கை நடுங்க, வெளிச்சமும் நடுங்கியது.
பம்புக்குப் பின்னால், குழாய் முடியும் விளிம்பில்
கற்கண்டுத் தூள்போல் ரோஸ் படிவு.
அதன் நுனியில் ஒரு துளி,
விழலாமா என்ற யோசனையில்.

தொழிற்சாலை போட்ட வில் கிளாம்ப் அங்கே இல்லை.
யாரோ மாட்டிய திருகு கிளாம்ப்.
குளிரில் ரப்பர் சுருங்குகிறது;
கூடவே சுருங்க இதற்குத் தெரியவில்லை.
இன்ஜின் சூடானால் குழாய் உப்பி
ஒன்றும் நடக்காததுபோல் வாயை மூடிக்கொள்கிறது.
ரொமெல் சட்டைப்பையிலிருந்தே எடுத்தார் சரியான அளவு.
"நாலு டாலர். அந்தத் தொண்ணூறிலேயே இருக்கட்டும்."

மாலை ஒரேஸ்டுக்குச் சொன்னேன்.
"கிளாம்பா?" என்றார்.
"அதை நான்தான் மாற்றினேன்.
பழையது தளர்வாய்த் தெரிந்தது."
பிறகு வெகுநேரம் வானிலை பேசினார்.

அட்டையை இன்னும் எடுக்கவில்லை.
இன்று காலையும் செவ்வேள் கேட்டான்.
முயல் புழுக்கை எட்டு, என்றேன்.
வேறொன்றுமில்லை.