பச்சைப் பொய்

மூன்றாவது மழையும் தவறிய மாதம்
கலாச்சாவின் எரிமலைக் கல்மேட்டில்,
ஏறி நின்றால் மட்டும் சிக்னல் கிடைக்கிற இடத்தில்
அந்தச் செய்தி வந்தது:
"உங்கள் வட்டாரத்தில் மேய்ச்சல் போதுமானது.
இந்தப் பருவத்துக்கு இழப்பீடு கிடையாது. நன்றி."

அந்தக் காப்பீட்டை விற்றவள் நான்.
சால்பி உப்புத்தரையில் கூடாரம் கூடாரமாகக் குனிந்து நுழைந்து
ஒட்டகத்துக்கு இவ்வளவு, ஆட்டுக்கு இவ்வளவு என்று
ரசீது கிழித்தவள்.
மேலே ஒரு கண் சுற்றுகிறது என்றேன்.
தூங்காது. கைநீட்டிக் காசு வாங்காது.
தரை காய்ந்தால் அதற்கே தெரியும்,
நீங்கள் மனு எழுதி அலைய வேண்டாம்.
தும்மே கல்கல்லோ கேட்டாள்:
"என் ஒட்டகங்களின் பெயர் அதற்குத் தெரியுமா?"
எல்லோரும் சிரித்தோம்.
சிரித்த கையோடு பெருவிரலை மையில் அழுத்தினாள்.

ஒன்பதில் ஏழு போன பிறகு வந்தாள்.
சண்டைக்கென்று நினைத்து
பதிவேட்டை மடியில் இறுக்கிக்கொண்டேன்.
துணி முடிச்சை அவிழ்த்து அவள் மேசைமேல் வைத்தது
ஓர் ஆட்டின் கீழ்த்தாடை,
பல்லெல்லாம் கறுத்து, ஒரு பக்கம் கோணியது.
பக்கத்தில் ஒரு கிளை.
சீமைக் கருவேலம்.
"உன் கண் பார்த்த மேய்ச்சல் இதுதான்."

மணலை மறிக்கட்டும் என்று
லாரியில் கொண்டுவந்து நட்டார்களாம், நான் பிறந்த வருடம்.
மறித்தது.
மணலை, கிணற்றுக்குப் போகும் தடத்தை,
புல் முளைக்கிற ஒரே பள்ளத்தை.
எந்த மழைக்கும் காத்திராமல்
ஆழத்தில் கிடந்ததை உறிஞ்சித் தளதளவென்று நிற்கிறது.
அத்தனை உயரத்திலிருந்து பார்த்தால்
நாங்கள் செழிப்பாகத்தான் இருக்கிறோம்.

இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன்.
முள்ளுக்கு ஒன்று, முள்ளடியின் வெறும் மண்ணுக்கு ஒன்று.
நைரோபியிலிருந்து பதில் வர நாற்பது நாள்:
"தங்கள் கருத்தைக் கணினி மாதிரியில் சேர்ப்பது பரிசீலிக்கப்படும்."
மாதிரி என்றால் என்ன என்றாள் தும்மே.
நிஜம் போலவே இருக்கும், தாகம் மட்டும் எடுக்காது என்றேன்.

அதற்குள் கோடரி தீட்டியாகிவிட்டது.
பதினோரு பேர்.
வெட்டினால் ஒன்று நான்காய்த் துளிர்க்கும்; வேர்வரை தோண்டினோம்.
காயை இடித்து மாவாக்கினால் ஆட்டுக்குப் பல் போகாது,
விதையும் சாகும் என்று வானொலியில் யாரோ சொன்னார்கள்.
இடித்தோம். கை கொப்புளித்தது.
கட்டையைக் கரியாக்கி விற்ற காசில் ஒரு பங்கை
அடுத்த பருவத்துக் காப்பீட்டுக்கென்று
அவள் என்னிடமே நீட்டியபோது
எனக்கு ரசீது எழுத வரவில்லை.

"எழுது. தூசி விழுந்த கண்ணைத் துடைப்பார்களா,
தோண்டி எறிவார்களா?"

கிணற்றைச் சுற்றி அரை ஏக்கர்
இப்போது பழுப்பாக, பொய்யில்லாமல் கிடக்கிறது.
மிச்சம் இரண்டு உருப்படி:
தீமா, இன்னும் பெயரிடாத அதன் கன்று.
ரசீதில் பெயருக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்,
தீமா என்று,
பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு.