வியாழக்கிழமைக் கப்பிகள்

ஒஸ்த்ராவாவில், ஏழாம் மாடியில்
டிராம் ஓட்டிவிட்டு வந்த கோட்டோடு
பொஹுமிலா குனிந்து எண்ணுகிறாள்.
ஊறுகாய் ஜாடியில் ராத்திரி பிறந்த குஞ்சுகள்
முப்பத்தொன்று. இல்லை, முப்பது.

பெற்றதே தின்றுவிடும் என்று
தாயை அப்போதே பிரித்துவிட்டாள்.
அவித்த மஞ்சள்கருவைத் துணியில் கட்டி
நீரில் ஒரு பிழி.
கண்ணும் வாலும் மட்டுமான கூட்டம் மொய்க்கிறது.

கடை மீன் நோய் கொண்டுவருமாம்.
அடுத்த தொட்டியில் மணலோடு மணலாய்க் கிடக்கும்
ஓநாய் மீனுக்கு
வீட்டுச் சாப்பாடுதான்.
வியாழன்தோறும் ஆறு.
அன்று மட்டும் ரேடியோ சத்தமாய்ப் பாடும்.

ஜனவரியில் ஓரிரவு மின்சாரம் போனது.
இருந்தது ஒரே வெந்நீர்ப் பை, ஒரே கம்பளி.
இரண்டு தொட்டிக்கும் நடுவில் நின்றாள்,
கொஞ்ச நேரம்தான்.
பிறகு கோட்டைப் போர்த்திப் படுத்தாள்.

விடிந்ததும் கம்பளியை விலக்கினாள்.
கப்பிகள் பசியோடு மேலே வந்தன.
ஓநாயும் சாகவில்லை.
செவுள் மெல்ல ஏறி இறங்க
அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மின்சாரம் வந்து நீர் சூடேறியபோது
புதன் மாலை.
ரேடியோ போடவில்லை.
ஆறல்ல,
எட்டு விட்டாள்.