அரை டேங்க்

மூன்று தடவை நின்றுவிட்டது வண்டி.
முதலில் தங்கச்சிமடம் வளைவில்.
அடுத்தது அக்காள்மடம் தாண்டி, மழையில்.
மூன்றாவது
பாம்பன் பாலத்தின் நட்டநடுவில்,
பின்னால் நாற்பது பெட்டி நண்டு,
கீழே அவை கிளம்பிவந்த கடல்.

கயிறு கட்டி இழுத்துவந்தது ஓர் ஐஸ் லாரி.
செத்த நண்டுக்குக் கம்பெனியில் பாதி விலை,
கயிற்றுக்காரனுக்கு முழு விலை.

பில்டர் மாற்றியிருந்தேன். பம்பைப் பிரித்துப் பார்த்திருந்தேன்.
நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கியிருந்தேன்.
உச்சிப்புளி ஷெட்டில் நம்புசேகரன்
கையிலிருந்த டீயைக் கீழே வைக்காமலே சொன்னான்:
"டேங்க்கை இறக்கிரு."

சொல்லிவிட்டான்.
ஏழு வருஷம் ஐஸ் தண்ணீர் சொட்டிய அடிவயிறு அது.
உப்பு தின்று தின்று
ஒவ்வொரு நட்டும் பணியாரமாய் ஊதியிருந்தது.
பதினேழாம் நம்பர் ஸ்பானர் வழுக்கியது,
பதினாறு ஏறவில்லை.
மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம்,
கோபித்துக்கொண்டவளிடம் சோறு வைத்துவிட்டுக் காத்திருப்பதுபோல.

வடிகால் திருகை விட்டதும்
முதலில் டீசல் வரவில்லை.
துரு கலந்த தண்ணீர் வந்தது, ஒன்றரை லிட்டர்.
ஹெல்பர் பையன் சீனி விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்,
துப்பினான்.
"கரிக்குதுண்ணே."
மூடி தொலைந்து இரண்டு வருஷம்.
கேரி பேக்கில் ரப்பர் பேண்டு போட்டு ஓட்டிய கணக்கு
அவன் நாக்கில் வந்து முடிந்தது.

குழாய் இரண்டையும் கழற்றி வாயில் துணி அடைத்தோம்.
முன்பட்டை உளிக்கு மசிந்தது.
பின்பட்டையை ஆக்ஸா பிளேடால் அறுத்தோம்,
மூன்று பிளேடு.
கீழே பழைய டயரைப் போட்டு,
நான் மல்லாந்து, முழங்கால் இரண்டையும் மடித்து முட்டுக்கொடுக்க,
பட்டை விட்ட நொடியில் முழுக் கனமும் என் மேல்.
முகத்தில் கறுப்பாய் ஒரு சொட்டு.
கண்ணை மூடினேன். கையை எடுக்கவில்லை.

வெளியே இழுத்துக் குலுக்கினோம்.
உள்ளே என்னவோ சலசலத்தது.

மிதவை வெட்டுப்பட்டுக் கிடந்தது, அது தெரிந்த சங்கதிதான்.
அந்த முள் வாங்கிய நாள் முதல் பாதியில்தான் நிற்கும்,
ரொப்பினாலும் பாதி, வற்றினாலும் பாதி.
அதை நம்பாமல்தானே
ஒவ்வொரு விடிகாலையும் விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவி
உள்ளே விட்டு அளந்தேன்.
சிலது நுனி ஒடியும்.
சிலது கை நழுவும்.
போனால் போகட்டும், ஈர்க்குதானே.

கவிழ்த்ததும் விழுந்தன.
சீனி எண்ணத் தொடங்கினான்,
முப்பத்தொன்றில் நம்புசேகரன் சிரித்துவிட்டதால் கணக்கு விட்டுப்போனது.
உறிஞ்சு குழாயின் வாயில் நான்கு,
குருவி கூடு கட்டத் தொடங்கியதுபோல் குறுக்குமறுக்காய்.
ஒன்றில் மட்டும் சிவப்பு நூல் முடிச்சு.
களஞ்சியம் கட்டியது.
இதுவரை நனைந்தால் ராமநாதபுரம் போய்த் திரும்பலாம் என்பாள்.
நூல் நிறம் போகவில்லை.

பாலத்தின் நடுவில் காற்றை வைதிருந்தேன்,
பங்க்காரனை, பில்டர் விற்றவனை,
வண்டியின் பழைய முதலாளியை, அவன் அம்மாவை.

போன் அடித்தது. அவள்தான்.
"என்னவாம் வண்டிக்கு?"
"குப்பை" என்றேன்.
"என்ன குப்பை?"
சிக்னல் இல்லாதவனைப்போல் இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.
போன வாரம்தான் கேட்டிருந்தாள்,
கூட்டாமலே இந்த விளக்குமாறு ஏன் இப்படி இளைக்கிறதென்று.

ஓட்டை இரண்டுக்குப் பற்றவைக்க வேண்டும்.
"இன்னைக்கு ஆகாது" என்றான்.
"நெறஞ்ச டேங்க் வெடிக்காது, காலி டேங்க்தான் வெடிக்கும்.
உள்ள புகை உக்காந்திருக்கும்."
சோப்புத்தூளைக் கொட்டி அலசி
வாய்வரை தண்ணீர் ரொப்பி
வேப்பமரத்தடியில் வைத்தோம்.
நான் பார்க்க அது நிறைந்தது அன்றைக்குத்தான்.

இருட்டியதும் போனுக்குச் சார்ஜ் போட
வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினேன்.
அடியில் டேங்க்கே இல்லை.
முள் எழுந்து
பாதியில் நின்றது.