மாஞ்சோலைத் தேயிலை, பத்து கிராம்

காய்ச்சி வடித்தாயிற்று. சீனி கிடையாது.
சலவைச் சோடா போட்டது
சாயம் தண்ணீரோடே கிடக்கட்டும் என்று.
பிரிபுனலில் மேலே ஊற்றிய டைக்குளோரோமீத்தேன்
கீழே போய் உட்கார்ந்துகொண்டது. கனம்.
இரண்டும் சேராது.
சேராததுதான் நமக்கு வசதி.

காஃபீனுக்கு இரண்டும் ஆகும்,
ஆனால் அடியில் இருப்பவனிடம் ஒட்டுதல் அதிகம்.
மெள்ளப் புரட்டு, அது தானே இடம் மாறும்.
இடையிடையே தலைகீழாக்கிக் குழாயைத் திற,
ஆவி போகட்டும். இல்லையென்றால் மூடி பறக்கும்.

பேச்சித்தாய் மெள்ளப் புரட்டவில்லை.
வண்ணார்பேட்டைப் படித்துறையில்
போர்வை அலசுகிறவள் மாதிரி குலுக்கிவிட்டாள்.
நடுவில் மோர்நுரை. கோட்டைக் காணோம்.
"ஏட்டி, உப்பு போடு."
போட்டோம். காத்திருந்தோம்.
நாலே முக்கால் பஸ் போயிற்று.

பிறகு கோடு வந்தது, முடி கனத்துக்கு.
அடியை மட்டும் இறக்கினோம்.
திரும்பவும் கொஞ்சம் ஊற்றி, திரும்பவும் கொஞ்சம்;
மொத்தத்தையும் ஒரே தடவை ஊற்றினால் இவ்வளவு வராது.

கரைப்பான் ஆவியாகிப் போன கிண்ணத்தில்
வெள்ளையாய் ஒட்டியிருந்தது
தொண்ணூற்றிரண்டு மில்லிகிராம்.

சுரண்டிக்கொண்டே பேச்சித்தாய் கேட்டாள்:
"கயத்தாறு தாண்டி எங்கய்யா லாரில
கண்ணு சொருகாம இருக்கது
இத வச்சித்தானாட்டி?"

புனலில் தேயிலைத் தண்ணி
அதே கறுப்பில் நின்றது,
எதையும் கொடுக்காதது மாதிரி.