கொசு உள்ளான்

தமிழ் வாசிக்கத் தெரியாது அந்த டாக்டருக்கு.
பழைய கையெழுத்து ஏதாவது இருந்தால்
அடுத்த தடவை கொண்டுவாருங்கள் என்றார்,
திருவனந்தபுரத்துத் தமிழில்.
என்னிடம் வேறென்ன இருக்கும்.
பதினேழு நோட்டுகள்.
கட்டைப்பையில் போட்டு ரயிலில் மடிமேல் வைத்துக்கொண்டு போனேன்.

தேரூர்க் குளம், மணக்குடிக் காயல், புத்தளம் உப்பளம்.
தேதி, காற்று, தண்ணீர் எவ்வளவு, தலை எத்தனை.
கூழைக்கடா நாற்பத்தொன்று.
பவளக்கால் உள்ளான், எண்ணி முடிப்பதற்குள்
நாய் வந்து கலைத்துவிட்டது.
நாமக்கோழி, நாமக்கோழி, நாமக்கோழி, போதும்.

அவர் ஒரு பெயரையும் வாசிக்கவில்லை.
வரிமேல் விரலை வைத்து
ஒரு நோட்டிலிருந்து அடுத்ததற்கு ஓட்டிக்கொண்டே போனார்.
பதிமூன்றாவதில் விரல் நின்றது.
அங்கிருந்துதான் எழுத்து சிறுத்திருக்கிறது.
பதினைந்தில் பாதி.
பதினேழில்,
சேற்றில் கொசு உள்ளான் நடந்துபோன தடம்.

நோட்டு சீக்கிரம் தீரக்கூடாதென்று
சிக்கனமாக எழுதுகிறேன் என்றே நினைத்திருந்தேன்.
நாலு வருஷமாக
நாரைக்கும் நீர்க்காகத்துக்கும் நடுவே
அதையும் பதிந்து வந்திருக்கிறேன்,
தேதி போட்டு.

கை ஆடினால் பறவையும் ஆடும்.
பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரில்
நடுக்கமும் பத்து மடங்கு.
முழங்கையை மதகுச் சுவரில் ஊன்றிப் பார்த்தேன்.
பனையில் சாய்ந்து பார்த்தேன்.
ஸ்கூட்டர் சீட்டில் தலையணை வைத்து,
உப்பு வாருகிறவர்கள் சிரிக்கச் சிரிக்கப் பார்த்தேன்.
இந்த உள்ளானா அந்த உள்ளானா என்பது
மூக்கு நுனியில் ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான்.
எனக்கு எல்லா மூக்கும் வளைந்தது.

போன தை மாதக் கணக்கெடுப்பில்
சைலஸ் அண்ணன் சொன்னார்:
"நீ எழுது பிள்ளே, நான் பாக்கேன்."
எழுதவா?
ரெண்டுபேரும் சிரித்துவிட்டோம்.
பிறகு அவர்
செருப்பில் ஒட்டிய சேற்றை
ரொம்ப நேரம் புல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர், பாவம்,
சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி மாட்டினார்.
அதில் ஆப்பிரிக்கப் பறவைகள்
பெயரையும் தாங்களே எடுத்துக்கொண்டு வருகின்றன.

விற்றாயிற்று.
வாங்க வந்தவர் மேலமணக்குடி அம்புரோஸ்.
மகன் வள்ளம் திரும்புகிறதா என்று பார்க்க,
அவருக்கல்ல, மனைவிக்கு.
"வெள்ளாப்புலயே கரையில போயி நிப்பா.
இனி மொட்டமாடியில நாற்காலி போட்டு இருந்து பாக்கட்டு."
நாலாயிரம் சொன்னேன். மூவாயிரத்தில் முடிந்தது.
அங்கேயே கண்ணில் வைத்துத் திருகி
எதிர்வீட்டுத் தென்னையைப் பார்த்தார்.
இம்மி அசையவில்லை கை.
"குரும்பையெல்லாம் எண்ணிரலாம் போல இருக்கே."
எண்ணுங்கள் என்றேன்.
வாரில் என் கழுத்து வியர்வை
வெள்ளை வெள்ளையாய்ப் படிந்திருந்தது.
துடைத்துக் கொடுத்திருக்கலாம்.

அக்கா வீட்டுக்குப் போகும் பஸ்
தேரூர்க் குளத்தை ஒட்டி ஒரு நிமிஷம் ஓடும்.
ரோடு பெயர்ந்து கிடக்கிறது.
கம்பியைப் பிடித்தவர்கள், கண்டக்டர் கையில் சில்லறை,
தூங்கும் பிள்ளையின் தலை,
எல்லாம் ஆடுகிறது.
என் கையை அங்கே யாரும் பார்ப்பதில்லை.
அப்பால் மருந்துவாழ் மலை.
இப்பால் தண்ணீரில் வெள்ளையாய்
முப்பது இருக்கும், நாற்பது இருக்கும்,
உண்ணிக்கொக்கோ, நாரையோ,
தாமரை இலையில் விழுந்த வெயிலோ.

"என்னத்த அப்பிடி பாக்கிய?"
பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள்.
வெள்ளையாக என்னமோ என்றேன்.
நாலு மணி மாத்திரையை எடுத்துக்கொண்டு
தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினேன்,
மூடியைத் திறந்து தர.