மிஸ், அங்க மழையா?

கீழக்கரையில் மூன்றாவது மாடி.
சன்னல்கள் இரட்டைக் கண்ணாடி,
உப்புக்குப் பயந்து இறுக அடைத்தவை.
காற்று வர ஒரு குழாய், போக ஒரு குழாய்.
இரண்டும் இரைகின்றன.

"ராத்திரி எட்டு மணிக்கு கிளாஸ்" என்றார் ரிஃபாயா.
"தம்மாமில் ஆறு பிள்ளைகள், தோஹாவில் நாலு.
பின்னம் நடத்திக்கிட்டிருப்பேன்.
பாதியில ஒருத்தி கேக்குறா:
மிஸ், அங்க மழையா?"

ராமநாதபுரம் சீமையைப் பார்த்து
யாரும் கேட்காத கேள்வி.
நான் சிரித்துவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஏணி போட்டு, சேசுராஜை வாய் மூடச் சொல்லி,
கிரில்லில் காதை வைத்தேன்.
தூரத்தில்தான் அது ஒரே சத்தம்.
கிட்டே போனால் பிரியும்.
அடியில் முனகல்:
மோட்டாரைத் தளத்தோடு திருகியிருக்கிறார்கள்,
கூடச் சேர்ந்து கான்கிரீட்டும் பேசுகிறது.
நடுவில் ஒரு படபடப்பு:
இழுத்துக் கட்டாத சுருக்குக் குழாய்,
மடிப்புக்கு மடிப்பு காற்று இடறி விழுகிறது.
இவற்றுக்கு மேலே அந்தச் சீறல், அந்த மழை.

பாம்பன்காரன் சேசுராஜ் சட்டென்று சொன்னான்:
"நம்ம கால்வாய்ல நீவாடு கத்துமே, அண்ணே.
எடம் பத்தாம."

அதேதான்.
நாலங்குலக் குழாயில் ஒரு வீட்டின் மூச்சு.

"ஆறங்குலம் போடணும்.
எடம் ஒன்றரை மடங்கு ஆயிரும்" என்றேன்.
"இரண்டே கால்" என்றார்,
கையில் இருந்த சாக்பீஸைக் கீழே வைக்காமல்.
ஷார்ஜாவில் பதினொரு வருடம் தகரம் வெட்டியிருக்கிறேன்.
இதை யாரும் எனக்குக் கணக்காகச் சொன்னதில்லை.

ராம்நாட்டில் ஆறங்குலம் இல்லை.
மதுரையிலிருந்து வியாழக்கிழமை வரும் என்றார்கள்,
சனிக்கிழமை வந்தது.
மோட்டாருக்கு அடியில் ரப்பர்.
ஒரே மூச்சில் மடங்கிய திருப்பத்தை
இரண்டு சாய்வாக வெட்டி இணைத்தோம்.
குழாயின் வழியில் ஒரு பெட்டி,
உள்ளே கண்ணாடிப் பஞ்சு, மேலே ஓட்டைத் தகடு.
பஞ்சு பட்டு இரண்டு நாள் முழங்கை அரித்தது.
விசிறியை மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறக்கினேன்.
பழைய வடிகட்டியைத் தட்டினால்
ஒரு பிடி உப்பும் மணலும்.

தம்மாமிலிருந்து அவருடைய தம்பி
போனில் கேட்டார்:
"இவ்வளவு எதுக்கு? அணைச்சுட வேண்டியதுதானே?"
ரிஃபாயா சொன்னது எனக்குக் கேட்டது:
"நீ வந்து இந்த ரூமுல
ஒரு மணி நேரம் பேசிப் பாரு."

ஞாயிறு காலை காசு வாங்கினேன்.
ஞாயிறு இரவே கூப்பிட்டார்.
"இப்ப யாரோ புல்லாங்குழல் ஊதுறாங்க."

ஆடி மாதம். கச்சான் எழும்பியிருந்தது.
மொட்டை மாடிக் குழாயின் வாய் மேற்கே பார்த்து நின்றது,
வேண்டுமென்றே வைத்த மாதிரி.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அதைக் கிழக்கே திருப்பினேன்.
கடலில் இரண்டு விசைப்படகின் விளக்குகள்.
கீழே, மூடிய அறைக்குள்,
அவர் முக்கால் என்பதை விளக்கிக்கொண்டிருந்தார்.
ஏணி வழியாக எனக்கே கேட்டது.

மறுநாள் நானே போன் போட்டேன்.
பிள்ளைகள் ஏதாவது கேட்டார்களா?
"ஒருத்தி கேட்டா" என்றார்.
"நான் போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கிட்டிருந்தேன்.
மிஸ், இருக்கீங்களா, லைன் போயிருச்சான்னு."
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.
எங்கள் லைன் போகவில்லை.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை நிஜ மழை பெய்தது.
அவருக்குத் தெரியாதாம்.
பாடம் முடிந்து மாடிக்குப் போனால்
கொடித் துணி முழுக்கத் தெப்பம்.
அதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்.

அது என் வேலையில் சேராது என்றேன்.
பெட்டிக்கு மீதி எண்ணூறு ரூபாய்
இன்னும் வரவில்லை என்பதை
அன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.