வரகு: ஒன்றுக்கு மூன்று

பதினெட்டு வருஷமாகப் பரோட்டா வீசும் கை.
கீழமாசி வீதியில் அரைக்கிலோ வரகு கேட்டபோது
ஏதோ கடன் கேட்பதுபோல் குரல் இறங்கியது.

மைதா என் சொல் கேட்கும்.
அடித்தால் விரியும், இழுத்தால் வரும்.
இது முதல் நாள் களியாகக் குழைந்தது,
மறுநாள் பல்லில் நெரிபட்டது.

இன்று ஏழு தண்ணீர் கழுவினேன்.
கடைசித் தண்ணீரில் என் நகக்கண் தெரிந்தது.
அரைமணி ஊறவிட்டு
டம்ளரால் அளந்தேன், ஒன்றுக்கு மூன்று.
கொதித்ததும் தீயைக் குறைத்து
மூடியைத் தொடாமல்
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
அதுதான் கஷ்டம்.

பூப்பூவாய் உதிர்ந்தது.
ஒச்சம்மா ஒரு வாய் மென்றாள்:
"டாக்டரு விடச் சொன்னது சக்கரையத்தான?
உப்பையுமா?"

மணி நாலு.
சிம்மக்கல் கடையில்
மாவு பிசையணும்.